விருந்தினர் வரையும்போது எங்கே பார்ப்பது?

கேள்வி: எங்கள் நீர்வண்ணச் சங்கத்தில் மாதம் ஒரு கூட்டம். விருந்தினராக வரும் ஓவியர் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு படத்தை வரைந்து காட்டுவார். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. வீட்டுக்கு வந்து அதே வண்ணங்களை எடுத்தால் சேறுதான் மிச்சம். எனக்குக் கை வராதா, அவர்கள் எதையாவது மறைக்கிறார்களா?

பதில்: பாவம், அவர்கள் எதையும் மறைப்பதில்லை. நானும் ஏழெட்டுக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து, பிரஷ் நுனியை விட்டுக் கண்ணை எடுக்காமல், வண்ணங்களின் பெயர்களை நோட்டில் எழுதித் தள்ளியவன்தான். ஒரு முறை தாமதமாகப் போனதால் ஓரத்தில்தான் நாற்காலி கிடைத்தது. வரைவது எல்லோருக்கும் தெரிய மேலே சாய்த்துக் கட்டியிருந்த கண்ணாடியை யாரோ ஒருவருடைய தலை மறைத்தது. படம் தெரியவில்லை. தாளின் மேல் விளக்கு வெளிச்சம் பட்டு மினுங்குவது மட்டும் பக்கவாட்டில் தெரிந்தது.

அந்த ஓவியர் வானத்தைப் பூசிவிட்டுப் பழைய கதை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். நடுநடுவே குனிந்து தாளைச் சாய்வாகப் பார்த்தார். மினுக்கம் மங்கியதும் கதையைப் பாதியில் விட்டுவிட்டு மேகத்தின் அடியில் பிரஷை வைத்தார். கதைக்கு முடிவே சொல்லவில்லை, எனக்கு இன்னும் அந்தக் குறை உண்டு! ஆனால் அவர் பேசியதே தாள் காய்வதற்காகத்தான் என்பது அன்றுதான் உறைத்தது.

தாள் பளபளக்கும்போது வைக்கும் வண்ணம் கண்டபடி ஓடும். பளபளப்பு மங்கியதும் கெட்டியான வண்ணத்தை வைத்தால், ஓரம் மென்மையாகக் கரைந்து அங்கேயே நிற்கும். அதே நேரத்தில் நீர் சொட்டும் பிரஷை வைத்தால், புது நீர் பழைய நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் காலிஃப்ளவர் மாதிரி ஒரு பூவைப் பூக்க வைக்கும். மினுக்கம் போய்விட்டது, ஆனால் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கிறது என்றால் உள்ளே இன்னும் ஈரம். அப்போது தொடாதீர்கள். உங்கள் சேற்றில் பாதி இந்த நேரத்தில் பிறந்தது என்பது என் ஊகம். நம் கைதான் சும்மா இருப்பதில்லையே.

மீதிப் பாதி, மூன்றாவது நான்காவது வண்ணத்தைக் கலப்பதால் வருவது. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் சேர்ந்தாலே அழகான சாம்பல் நிறம் வந்துவிடும். அதை இன்னும் சரிசெய்கிறேன் என்று பச்சையைத் தொட்டால் போச்சு.

அப்புறம், வீட்டில் எந்தத் தாளில் வரைகிறீர்கள் என்று எழுதவில்லையே. விருந்தினர்கள் பெரும்பாலும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த பருத்தித் தாளில் வரைவார்கள். அது ஈரத்தை வெகுநேரம் வைத்திருக்கும். மெல்லிய ஸ்கெட்ச் நோட்டுத் தாள் அதற்குள் காய்ந்து, நெளிந்து, பள்ளங்களில் நீர் தேங்கும். அவருடைய கணக்கு உங்கள் தாளில் செல்லாது. அடுத்த கூட்டத்தில் வண்ணத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் தாளின் பெயரைக் கேளுங்கள்.

கேள்வி: போன மாத விருந்தினர் முடி உலர்த்தும் டிரையரைப் பிடித்துத் தாளைக் காயவைத்தார். இது ஏமாற்று இல்லையா?

பதில்: இல்லை. கூட்டத்துக்கு நேரக் கணக்கு உண்டு, தாளுக்குக் கிடையாது. ஆனால் நீர் தேங்கியிருக்கும்போது டிரையரைப் பிடித்தால் காற்று வண்ணத்தைத் தள்ளிக் கறையாக்கிவிடும். மினுக்கம் போகும்வரை அவரும் காத்திருந்திருப்பார், கவனித்தீர்களா?

கேள்வி: நான் எங்கள் சங்கச் செயலாளர். உறுப்பினர்கள் கொண்டுவரும் படங்களைப் பார்த்து எல்லோரும் "அருமை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கலைகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: வரும் விருந்தினரிடம், வீணாய்ப்போன படம் ஒன்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். எங்களிடம் வந்த ஒருவர் தாளைத் திருப்பியபோது பின்பக்கத்தில் கெட்டுப்போன ஓர் ஆறு இருந்தது. நல்ல தாளின் இரண்டு பக்கமும் உதவும் என்று சிரித்தார். அன்று எங்களில் பேசாதவர்கூட அந்த ஆற்றைப் பற்றிப் பேசினார்.