கட்டுபடியாகும் மண்

அன்புள்ள ஐயா,

ஓர் ஆங்கில ஆவணப்படத்தைத் தமிழ் சப்டைட்டிலுடன் பார்த்தேன். வரலாற்று ஆய்வாளர் ஒருவர் ஆவணக் காப்பகத்தில் பல மாதங்கள் தேடி, கடைசியில் தனக்கு வேண்டிய கடிதத்தைக் கண்டுபிடிக்கிறார். உடனே ‘ஹிட் பே டர்ட்’ என்கிறார். திரையில் ‘கூலி அழுக்கை அடித்துவிட்டேன்’ என்று வந்தது. அகராதியோ ‘வெற்றி பெறுதல்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அழுக்குக்கும் வெற்றிக்கும் என்ன தொடர்பு? ‘ஜாக்பாட் அடித்தது’ என்று போட்டிருந்தால் சரியாக இருந்திருக்குமா?

ர., கோவை

அன்புள்ள ர.,

‘டர்ட்’ என்பது இங்கே மண். தங்கம் தேடிப் போனவர்கள் தோண்டிய மண். 1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவின் கொலோமாவில், ஜான் சட்டர் என்பவருக்காக மரம் அறுக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்த தச்சர் ஜேம்ஸ் மார்ஷல், ஆலையின் நீர் வெளியேறும் வாய்க்காலில் மின்னும் துணுக்குகளைப் பார்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நிசெனான் என்னும் பழங்குடியினர் காலங்காலமாக வாழ்ந்த நிலம் அது. வந்தவர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லாமல் இந்தச் சொல்லின் கதையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தட்டில் மண்ணை அள்ளி, நீர் விட்டு, சுற்றிச் சுற்றி அலசுவார்கள். நம் வீடுகளில் அரிசியில் கல் அரித்ததைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வரிவரியாகப் பள்ளம் போட்ட சட்டியை நாங்கள் அரிக்கன்சட்டி என்போம். என் பாட்டி அதைச் சாய்த்துச் சுழற்றினால் அரிசி நீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடும், கல் அடியில் தங்கிவிடும். ஆற்றங்கரையிலும் நடந்தது அதே வேலைதான். ஆனால் நாம் கழித்துப் போடுவதை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். தங்கம் சாதாரண மணலைவிட ஏழு மடங்குக்கு மேல் அடர்த்தியானது. மணல் நீரோடு போகும், பொன் தட்டின் அடியில் நிற்கும்.

தங்கத்தின் இந்தக் கனத்தால் இன்னொன்றும் நேர்கிறது. ஆற்றுப்படுகையிலும் அது சரளைக்குள் இறங்கி இறங்கி அடிப்பாறையை ஒட்டித் தங்கிவிடும். மேலே கிடப்பது பெரும்பாலும் ஒன்றுமில்லாத மண். அதையெல்லாம் தோண்டி அப்புறப்படுத்தினால்தான் கீழே இருக்கும் அடுக்கு தட்டுப்படும். அந்த அடுக்குக்குத்தான் ‘பே டர்ட்’ என்று பெயர். 1850களிலேயே இச்சொல் அச்சில் வந்துவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ‘பே’ என்ற பகுதி. அதைக் கூலி என்று எடுத்ததில்தான் சப்டைட்டில் வழிதவறியது. நம் வியாபாரிகளும் விவசாயிகளும் நாள்தோறும் சொல்லும் சொல் ஒன்று அதற்கு அப்படியே பொருந்துகிறது: கட்டுபடியாவது. தோண்டுகிற உழைப்புக்கும், அன்றைய சாப்பாட்டுக்கும், வாங்கிய மண்வெட்டிக்கும் கட்டுபடியாகிற அளவுக்குப் பொன் கலந்த மண். புதையல் என்று அவர்கள் சொல்லவில்லை, அதிர்ஷ்டம் என்றும் சொல்லவில்லை. கையிலிருப்பது இன்னும் மண்தான். அலச வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது. ஆனால் இனி அலசினால் வீணாகாது. இவ்வளவு அடக்கமாக வெற்றியைச் சொல்லும் சொல்லை ஆங்கிலத்தில் நான் வேறு கண்டதில்லை.

ஆகவே ஜாக்பாட் பொருந்தாது. அது போக்கர் சீட்டாட்டத்தில் பிறந்தது. கையில் இரண்டு ஜாக்கோ அதற்கு மேலான சீட்டுகளோ இல்லாமல் யாரும் பந்தயத்தைத் தொடங்கக்கூடாது என்றொரு விதி. யாராலும் தொடங்க முடியாதபோது நடுவில் இருக்கும் பணம் மேலும் மேலும் சேரும். கடைசியில் ஒருவர் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போவார். அங்கே பெரும்பங்கு சீட்டு விழுவதைப் பொறுத்தது. லாட்டரி விழுந்தவரைப் பற்றி ‘ஹிட் பே டர்ட்’ என்று சொன்னால் காதுக்கு இடறும். தேடியவருக்கு, தோண்டியவருக்குத்தான் அது உரியது. துப்பறியும் அதிகாரி பழைய கோப்பில் தடயத்தைக் காணும்போது சொல்வார்கள். அமெரிக்கக் கால்பந்தில் எதிரணியின் எல்லைக்குள் பந்தோடு நுழைவதையும் இப்படிச் சொல்வதுண்டு, அங்கேயும் கெஜம் கெஜமாக முட்டி மோதித்தான் போக வேண்டும்.

‘பேன் அவுட்’ என்பதும் அதே ஆற்றங்கரைச் சொல். அந்தப் ‘பேன்’ அலசும் தட்டு. ‘இட் டிட்ன்ட் பேன் அவுட்’ என்றால் தட்டில் ஒன்றும் தேறவில்லை என்பது பொருள். ‘கைகூடவில்லை’ என்று தமிழில் எழுதலாம்.

நீங்கள் பார்த்த காட்சிக்கு நான் எழுதியிருந்தால் ‘தோண்டியது வீண்போகவில்லை’ என்று எழுதியிருப்பேன். மண்ணும் போகவில்லை, அவர் காப்பகத்தில் கழித்த மாதங்களும் அதில் இருக்கின்றன. திரையில் ஒரே வரியில் அடங்கியும்விடும்.

அன்புடன்.