ஷொக்கை 'ரீவால்வ்' பண்ணுறது எண்டா என்ன?

ஷொக் அப்சோபருக்குள்ள எண்ணெயும் ஒரு பிஸ்டனும் கிடக்கு, பிஸ்டனில ஓட்டையள், அதுகளை மூடிக்கொண்டு ஷிம் எண்டு சொல்லுற மெல்லிய உருக்குத் தட்டுகள் அடுக்கடுக்கா இருக்கும், கையில எடுத்தா சவர பிளேட் மாதிரித்தான். சில்லு பள்ளத்தில விழேக்க எண்ணெய் இந்தத் தட்டுகளை வளைச்சுக்கொண்டுதான் மற்றப் பக்கம் போகோணும். அந்த அடுக்கைக் கழட்டி வேற தடிப்பு, வேற அளவில அடுக்கிறதுதான் ரீவால்வ். சின்ன மாற்றமெண்டு நினைக்காதேங்கோ, 0.1 மில்லிமீற்றர் தட்டை விட அதே அகலத்தில 0.2 தட்டு எட்டு மடங்கு விறைப்பு!

சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்மின்ர வாயை விரலால அரைவாசி மூடிப்போட்டு அமத்திப் பாருங்கோ. மெதுவா அமத்தினா போகும், வேகமா அமத்தினா கை நோகும். ஷொக்கும் அப்பிடித்தான், ஷிம்தான் உங்கட விரல்.

ஏன் செய்யோணும்? கொம்பனி உங்கட பிக்கப்புக்கு வச்ச அடுக்கு கொம்பனியால வந்தபடி இருக்கிற வண்டியின்ர பாரத்துக்கு, நீங்க பேந்து பெரிய டயர், முன் பார், மேல் றாக் எல்லாம் பூட்டினா கணக்கு மாறும். மணற்காட்டு மணலில ஓடுறதும் கிறவல் றோட்டில ஓடுறதும் ஒண்டில்லை. அமந்த ஷொக் திரும்பி நீளேக்க எண்ணெயைத் தடுக்கிற தட்டுகளை அளவுக்கு மிஞ்சி இறுக்கினா சில்லு கீழ வர முந்தி அடுத்த பள்ளம் வந்திடும், வண்டி பதிஞ்சு பதிஞ்சு கடைசியில ஷொக் முழுக்க அமந்து அடியில குத்தும், கனபேர் விடுற பிழை இதுதான்.

இன்னொண்டு, ஷொக்கை இறுக்கினா கூடப் பாரம் ஏத்தலாம் எண்டு நினைக்கிறது பிழை, பாரத்தைத் தாங்குறது ஸ்பிரிங், ஷொக் அதின்ர ஆட்டத்தை மட்டும்தான் அடக்கும்.