எத்தனை பேர் வந்தார்கள், எதற்காக வந்தார்கள்? – வாசகர் கேள்வி பதில்

(விழா, சுற்றுலா, விருந்தோம்பல் துறைகளில் ஆய்வு செய்பவர்கள் அனுப்பிய கேள்விகள்)

கேள்வி: என் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது மூன்று நாள் இசை விழா. டிக்கெட் கிடையாது, ஆறு வாயில்கள். அமைப்பாளர்கள் சொல்லும் கூட்ட எண்ணிக்கையை ஆய்வேட்டில் அப்படியே போடலாமா?

பதில்: ‘அமைப்பாளர் கூற்று’ என்று குறிப்பிட்டுப் போடலாம். ஆனால் உங்கள் கணக்கை அதன்மேல் கட்டாதீர்கள். கூட்டம் பெரிதாகத் தெரிவதில் அவர்களுக்கு லாபம் உண்டு.

எண்ணுவதற்கு இரண்டு பேர் போதும். ஆளுக்கு மூன்று வாயில், ஒவ்வொன்றிலும் 10 நிமிடம், மீதி நேரம் நடக்க. உள்ளே வருபவர்களை மட்டும் எண்ணி ஆறால் பெருக்கினால் அந்த மணி நேரத்துக்கான கணக்கு கிடைத்துவிடும். மணிக்கு மணி வாயில் வரிசையை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். நிகழ்ச்சிகள் பெரும்பாலும் முழு மணிக்குத் தொடங்கும்; அதற்குச் சற்று முன்னும் பின்னும் நெரிசல். ஒரே வாயிலை எப்போதும் மணியின் முதல் 10 நிமிடத்திலேயே எண்ணினால், அந்த வாயிலின் கணக்கு மட்டும் ஊதிப்போகும். கலைஞர்கள், கடைக்காரர்கள், பணியாளர்களை விட்டுவிடுங்கள்.

இதழியல் ஆசிரியர் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் 1960-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் உருவாக்கிய பரப்பளவு முறையும் உண்டு: கூட்டம் நிற்கும் பரப்பை ஒருவருக்கான இடத்தால் வகுப்பது. தளர்வான கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் 4.5, இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் 2.5. ஆனால் இது அந்த நேரத்தில் மைதானத்தில் நிற்பவர்களை மட்டுமே சொல்லும். காலையில் வந்து போனவர் இதில் அகப்படமாட்டார். வாயில் கணக்கைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பலரும் சறுக்கும் இடம். உங்களிடம் இருப்பது வருகைகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அல்ல. மூன்று நாளும் வந்தவர் மூன்று முறை எண்ணப்பட்டிருப்பார். சரி, சராசரி வருகையால் வகுத்துவிடலாம் என்று தோன்றும், அதுவும் தவறு. அடிக்கடி உள்ளே வருபவர்தான் வாயிலில் உங்கள் கையில் அதிகம் சிக்குவார். ஆகவே ஒவ்வொருவரின் வருகை எண்ணிக்கையையும் தலைகீழ் பின்னமாக்கி (ஒரு முறை வந்தவருக்கு 1, இரண்டு முறை வந்தவருக்கு 1/2), அந்தப் பின்னங்களின் சராசரியால் மொத்த வருகையைப் பெருக்க வேண்டும். மொத்த வருகை 30,000 என்று வைத்துக்கொள்வோம். வாயிலில் கேட்ட 100 பேரில் 60 பேர் ஒரு முறையும் 40 பேர் இரண்டு முறையும் வருபவர்கள். சராசரி 1.4-ஆல் வகுத்தால் சுமார் 21,400 ஆட்கள். பின்னச் சராசரி 0.8-ஆல் பெருக்கினால் 24,000. இரண்டாவதுதான் சரி: 18,000 பேர் ஒரு முறை, 6,000 பேர் இரண்டு முறை, கூட்டினால் அதே 30,000 வருகை.

முதல் நாளில் கேட்டவர் ‘நாளையும் வருவேன்’ என்று சொல்வது எண்ணம்தான், வருகை அல்ல. அவர்களில் சிலரின் தொடர்பு எண்ணை ஒப்புதலோடு வாங்கி, விழா முடிந்தபின் கேட்டுச் சரிபாருங்கள்.

கேள்வி: மாதிரி அளவு 385 இருந்தால் போதும் என்கிறார் நெறியாளர். போதுமா?

பதில்: 1.96-இன் (95 சதவீத நம்பகத்துக்கான எண்) வர்க்கத்தை 0.25-ஆல் (பதில்கள் பாதிக்குப் பாதி பிரியும் நிலை) பெருக்கி, 0.05-இன் (அனுமதிக்கும் பிழை) வர்க்கத்தால் வகுத்தால் 384.16 வரும். 385 அங்கிருந்து வந்த எண். அது எளிய வாய்ப்பு மாதிரிக்கு, அதாவது எல்லாருக்கும் சம வாய்ப்பு தந்து குலுக்கல்போல் எடுக்கும் மாதிரிக்கு, மட்டுமே பொருந்தும். விழாவில் அப்படி யாரும் எடுப்பதில்லை. ஒரு வாயிலில், ஒரு மணி நேரத்தில், 20 பேர் என்று கொத்தாகத்தான் எடுக்கிறோம். ஒரே நேரத்தில் வருபவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமை (0 என்றால் துளியும் இல்லை, 1 என்றால் முழுமை) வெறும் 0.05 என்றாலும், கொத்தின் 20 பேரில் ஒருவர் போக 19 என்று கொண்டு, 1 + (19 × 0.05) = 1.95. இதால் வகுத்தால், உங்கள் 385 பேர் ஏறக்குறைய 197 பேருக்குத்தான் சமம். ஒரே இடத்தில் நிறையப் பேரைக் கேட்பதைவிட, பல நேரங்களில் பல வாயில்களில் சிலராகக் கேட்பது மேல்.

எண்ணைவிட முக்கியம், யாரைக் கேட்பது என்று முடிவெடுப்பவர் யார் என்பது. அந்த முடிவைக் களப்பணியாளரிடம் விட்டால், சிரித்த முகத்தோடு தனியாக உட்கார்ந்திருக்கும் இளைஞர்களாகவே மாதிரி நிறையும். தரையில் ஒரு கோடு. முந்தைய பேட்டி முடிந்ததும் அதைத் தாண்டும் அடுத்த ஆள். குழுவாக வந்தால் அடுத்த பிறந்தநாள் யாருக்கோ அவர். மறுத்தவர்களின் உத்தேச வயது, பாலினம், நேரம் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். மறுப்பு விகிதம் இல்லாத கட்டுரையை நல்ல மதிப்பீட்டாளர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

கேள்வி: பொருளாதாரத் தாக்கக் கணக்கில் உள்ளூர்க்காரர்கள் செலவை ஏன் நீக்கச் சொல்கிறார்கள்? அவர்களும் செலவு செய்கிறார்களே?

பதில்: விழா இல்லாவிட்டால் அந்தப் பணத்தை அதே ஊரில் வேறெதற்காவது செலவழித்திருப்பார்கள். பணம் இடம் மாறியது, புதிதாக வரவில்லை. வெளியிலிருந்து வந்தவர்களிலும் இரண்டு வகையினரை நீக்க வேண்டும்: எப்படியும் வரவிருந்து, விழாவை ஒட்டித் தேதியை மாற்றிக்கொண்டவர்கள், வேறு வேலையாக வந்த இடத்தில் எட்டிப் பார்த்தவர்கள். ஆனால் விழாவுக்காகக் கூடுதலாக ஒரு நாள் தங்கியிருந்தால், அந்த ஒரு நாள் செலவு மட்டும் கணக்கில் சேரும். 24,000 பேரில் 45 சதவீதம் வெளியார் என்றால் 10,800. அதில் கால்வாசி இந்த இரு வகை என்றால் மிஞ்சுவது 8,100. கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அமைப்பாளர்களுக்கு இது பிடிக்காது.

‘உள்ளூர்’ எது என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே வரைபடத்தில் கோடு போட்டு முடிவு செய்யுங்கள். வட்டம் பெரிதாக ஆக, வெளியார் குறைவார்கள், பெருக்கி (வெளியிலிருந்து வந்த ஒரு ரூபாய் கைமாறி உள்ளூரில் மொத்தம் எத்தனை ரூபாயாகிறது என்ற எண்) கூடும். பணம் அந்த வட்டத்துக்குள்ளேயே அதிகம் சுழலும் அல்லவா? சிறிய வட்டத்தின் வெளியாரையும் பெரிய வட்டத்தின் பெருக்கியையும் சேர்த்துப் பெருக்குவது இந்தத் துறையின் பழைய தந்திரம். விற்பனைப் பெருக்கியைப் போட்டு அதை ‘வருமானம்’ என்று எழுதுவது இன்னொன்று. கடைக்காரர் விற்ற பொருள் வெளியில் தயாரானது என்றால், உள்ளூரில் நிற்பது அவரது லாப வரம்பு மட்டுமே.

செலவைத் தனிநபராகக் கேட்காதீர்கள். பணம் கொடுப்பவர் குழுவில் ஒருவர். மற்றவர் ‘பூஜ்யம்’ என்பார். குழுவின் கடந்த 24 மணி நேரச் செலவைத் தங்குமிடம், உணவு, போக்குவரத்து, வாங்கியவை என்று பிரித்துக் கேட்டு, குழந்தைகளையும் சேர்த்த தலை எண்ணிக்கையால் வகுங்கள். ஒரே நாளில் பெரிய தொகை செலவழித்த ஒரு குழு சராசரியையே தூக்கிவிடும். இடைநிலை எண்ணையும் (தொகைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) பக்கத்தில் தாருங்கள்.

கேள்வி: திருப்தி பற்றிய ஐந்து புள்ளிக் கேள்விகளில் எல்லாரும் 4 அல்லது 5 போட்டிருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: தரவு வந்தபின் செய்ய அதிகமில்லை. விரும்பி வந்தவரிடம், மகிழ்ச்சியாக இருக்கும் நேரத்தில் கேட்டால் இப்படித்தான் வரும். மார்ட்டில்லாவும் ஜேம்ஸும் 1977-இல் முன்வைத்த முக்கியத்துவம்–செயல்பாடு கட்டத்தில் (ஒவ்வொரு அம்சமும் எவ்வளவு முக்கியம் என்பது ஓர் அச்சில், எவ்வளவு நன்றாக இருந்தது என்பது இன்னோர் அச்சில்) நான்கு மூலைகளாகப் பிரிக்கும் குறுக்குக் கோடுகளை அளவுகோலின் நடுவான 3-இல் போடாமல், உங்கள் தரவின் சராசரியில் போடுங்கள். எல்லாம் ஒரே மூலையில் குவியாது. அடுத்த முறை ‘கழிப்பறை திருப்தியா?’ என்பதற்குப் பதிலாக ‘எத்தனை நிமிடம் வரிசையில் நின்றீர்கள்?’ என்று கேளுங்கள்.

எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு சேவைத் தரத்தை அளக்கும், 1988-இல் வந்த 22 கேள்விகள் கொண்ட சர்வ்குவால் (SERVQUAL) அளவுகோலைப் பயன்படுத்துவதானால், எதிர்பார்ப்புகளை வரும்போதே கேட்க வேண்டும். சேவை முடிந்தபின் கேட்கும் ‘எதிர்பார்ப்பு’ அனுபவத்தின் நிழல்தான். இருமுறை கேட்க முடியாதென்றால், குரோனினும் டெய்லரும் 1992-இல் சொன்னபடி செயல்பாட்டை மட்டும் அளக்கும் வடிவமே போதும்.

கேள்வி: ஹோட்டல் விருந்தினர் கருத்தை அறிய இணைய மதிப்புரைகளை மட்டும் வைத்து ஆய்வு செய்யலாமா?

பதில்: எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அறியலாம், எத்தனை சதவீதம் பேர் அப்படி நினைக்கிறார்கள் என்று அறிய முடியாது. மிகவும் பிடித்தவரும் மிகவும் கோபப்பட்டவரும்தான் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

கேள்வி: விழா நடக்கும் ஊர் மக்களின் மனநிலையை விளக்க, சுற்றுலா ஆய்வாளர் டாக்ஸியின் (Doxey) எரிச்சல் குறியீடு பொருந்துமா?

பதில்: சுற்றுலாப் பயணிகள் பெருகப் பெருக ஊர் மக்கள் மனம் மாறுவதாக 1975-இல் அவர் சொன்ன நான்கு படிகள்: உற்சாகம், அக்கறையின்மை, எரிச்சல், பகைமை. ஊர் முழுவதும் ஒரே மனதோடு ஒரே திசையில் நகர்வதாக அது கருதுகிறது. வீட்டை வாடகைக்கு விடுபவரும் விடிய விடிய ஒலிபெருக்கிக்கு எதிர்வீட்டில் படுத்திருப்பவரும் ஒரே படியில் நிற்கமாட்டார்கள். வருமானத் தொடர்பு, மைதானத்திலிருந்து வீட்டின் தூரம் இவற்றால் மக்களைப் பிரித்து, விழாவுக்கு முன்னும் பின்னும் அதே ஆட்களிடம் கேளுங்கள். விழா நடந்துகொண்டிருக்கும்போது வேண்டாம். அதிகம் எரிச்சல்பட்டவர்கள் அந்த நாட்களில் ஊரிலேயே இருக்கமாட்டார்கள்.