பிட்ஸ்பர்க்: பெருமாளைச் சேவித்தபின் எங்கே போகலாம்?

கேள்வி: நியூஜெர்சியிலிருந்து பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோவிலுக்குக் காரில் போகிறோம். ஜூலையில் ஒரு வெள்ளி இரவு போய்ச் சேர்ந்து, ஞாயிறு மதியம் கிளம்ப வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கொஞ்சம் முட்டிவலி. மகளுக்கு 12 வயது, எந்நேரமும் படம் வரைவாள். கோவில் தவிர எதைப் பார்க்கலாம்?

பதில்: பெரும்பாலானவர்கள் சேவித்துவிட்டு, கேண்டீனில் புளியோதரை சாப்பிட்டுவிட்டு, வந்த வழியே டர்ன்பைக்கைப் பிடித்துவிடுகிறார்கள். ஆறு மணி நேரம் ஓட்டி வந்ததற்கு அது போதாது. உங்களோடு வருகிறவர்களைப் பார்த்தால், நான் முதலில் சொல்வது கேரி ஊதுலைகளைத்தான் (பிளாஸ்ட் ஃபர்னஸ்).

கோவில் இருக்கும் பென் ஹில்ஸுக்கும் நகர மையத்துக்கும் நடுவே, மோனங்கஹேலா ஆற்றங்கரையில் இருக்கின்றன. 1907இல் கட்டிய 6, 7ஆம் எண் உலைகள் இரண்டுதான் இன்று மிச்சம். உயரம் 92 அடி. இரும்புத்தாது, கல்கரி (கோக்), சுண்ணாம்புக்கல் மூன்றையும் மேலிருந்து கொட்டி, கீழிருந்து சூடான காற்றை ஊதுவார்கள். நன்றாக ஓடிய காலத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் இரும்பு. அதை ஆறவிடாமல் குழம்பாகவே ரயிலில் ஏற்றி, பாலத்தைக் கடந்து அக்கரையிலிருந்த ஹோம்ஸ்டெட் உருக்காலைக்குக் கொண்டுபோனார்கள். 1978இல் இந்த இரண்டு உலைகளும் நின்றன. சேலம் உருக்காலையில் ஊதுலை கிடையாது என்பதால் அப்பாவுக்கும் இது புதிதுதான். ஆனாலும் வழிகாட்டியிடம் நீங்கள் கேட்காத கேள்வியெல்லாம் அவர் கேட்பார், பாருங்கள்.

மகளுக்கும் அங்கே ஒன்று இருக்கிறது. உலை கேட்பாரற்றுக் கிடந்த 1990களில் சில கலைஞர்கள் அனுமதியில்லாமல் உள்ளே புகுந்து, அங்கே கிடந்த குழாய், கம்பிகளைக் கொண்டே சுமார் 40 அடி உயர மான் தலை ஒன்றைச் செய்து வைத்தார்கள். இன்று டூரில் அதையும் காட்டுகிறார்கள்.

மே முதல் அக்டோபர் வரைதான் டூர் நடக்கும். முன்பதிவு செய்துவிட்டு, அந்த நேரத்துக்கு ஏற்றபடி கோவிலை வைத்துக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. கரடுமுரடான தரையில் இரண்டு மணி நேரம் நடக்க முடியுமா என்று அப்பாவையே கேட்டுவிடுங்கள். முடியாதென்றால் அக்கரைக்குப் போங்கள். 1892 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களுக்கும் பிங்கர்டன் கூலிப்படைக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்த ஹோம்ஸ்டெட் ஆலை இருந்த இடம் இப்போது ஷாப்பிங் வளாகம். வரிசையாக நிற்கும் 12 புகைபோக்கிகளைக் காரிலிருந்தே பார்க்கலாம்.

மாலையில் டுகேன் இன்க்ளைன். பழனி விஞ்சில் ஏறியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதே சங்கதிதான், 1877இலிருந்து ஓடுகிறது. மேல் நிலையத்தில் அதை இழுக்கும் பல்சக்கரத்தை அப்பாவுக்குக் காட்டுங்கள், பற்கள் மரத்தாலானவை. அலெகனியும் மோனங்கஹேலாவும் கலந்து ஒஹையோவாக மாறும் முக்கூடல் அங்கிருந்து அப்படியே தெரியும். நிலக்கரி வெட்டிய மலை அது. ஒரு காலத்தில் பெயரே நிலக்கரிக் குன்று.

ஞாயிறு காலை ஓர் அருங்காட்சியகத்துக்குத்தான் நேரமிருக்கும். எல்லோரும் ஆண்டி வார்ஹோல் அருங்காட்சியகம் என்பார்கள். இந்த ஊரில் பிறந்த பாப் ஆர்ட் ஓவியர், ஏழு மாடி முழுக்க அவர் படைப்புகள்தான். ஆனால் சில படங்கள் 12 வயதுக்குத் தோதில்லாதவை. நான் மேட்ரஸ் ஃபேக்டரிக்கு ஓட்டுப் போடுவேன். பழைய மெத்தைக் கிடங்கு அது; அங்கே முழு அறையையே ஒரு படைப்பாக்கி வைத்திருக்கிறார்கள், அப்படிப் பல அறைகள். ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் கண்ணாடி அறைக்குள் புள்ளிகளுக்கு முடிவே இல்லை. ஜேம்ஸ் டரெல்லின் அறை கும்மிருட்டு. பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்தால் மெல்ல ஏதோ வெளிச்சம் தெரியும், அது கண்ணுக்குள்ளா வெளியிலா என்று சந்தேகமாக இருக்கும். கார்னகி அருங்காட்சியகத்து டைனோசரை அடுத்த முறைக்கு விடுங்கள், அது ஒரு முழு நாள் கேட்கும்.

அப்புறம் ஒன்று. கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஃபோர்ட் பிட் சுரங்கப்பாதை வழியில் வராது. சனி இரவு மலையிலிருந்து இறங்கியதும் கொஞ்சம் சுற்றிப்போய், ஊருக்குள் வரும் திசையில் அதில் நுழையுங்கள். மறுமுனையில் நேரே பாலம். ஆறு, கட்டடங்கள், விளக்குகள் எல்லாம் ஒரே நொடியில் முன்னால் வந்து நிற்கும். மகளை முன் சீட்டில் உட்காரவையுங்கள். நீங்கள் ரோட்டைப் பாருங்கள், பாலத்தில் சட்சட்டென்று லேன் மாற வேண்டியிருக்கும்.