முதல் வேலைக்கு எந்த வார்டு?

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சிப் பக்கத்துப் புது நர்ஸ்கள் கேட்டவை. பதில் சொல்கிற நான் கொழிஞ்சாம்பாறைக்காரி; பாலக்காட்டில் 16 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ்.

அக்கா, பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டேன். ஐசியூ, மெடிக்கல் வார்டு இரண்டிலும் இடம் இருக்கிறது. வெளிநாடு போக ஐசியூதான் நல்லது என்கிறார்களே?

ஐசியூ தப்பில்லைங்க. ஆனால் சேரும் முன் கேளுங்கள்: எத்தனை வாரம் சீனியர் கூடவே நிற்பார், எப்போதிலிருந்து தனியாக நைட்? "ஒரு வாரத்தில் பழகிடும்" என்றால் மெடிக்கல் வார்டுக்கே போங்கள். என்னை அப்படித்தான் ஒரு இடத்தில் விட்டார்கள். பி.பி. இறங்காமல் தாங்கும் மருந்தான நாரட்ரினலின் போய்க்கொண்டிருந்த பம்ப் கத்தியது. சத்தத்தை நிறுத்தினேன், சிரிஞ்ச் தீரப்போகிறது என்று புரியவில்லை. மானிட்டரில் பி.பி. இறங்கியபோதுதான் உறைத்தது. அடுத்த பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் சேச்சி ஓடிவந்து மாற்றினார். அன்றைக்கு அவர் டீ குடிக்கப் போயிருந்தால்?

மெடிக்கல் வார்டில் சுகர், இதயம், நுரையீரல் எல்லாம் ஒரே வரிசையில் படுத்திருக்கும். யார் மோசமாகிறார் என்று கண்ணுக்குப் பழகும். பல சமயம் முதலில் ஏறுவது மூச்சு எண்ணிக்கைதான். அதை எண்ணாமல் எல்லோருக்கும் 20 என்று எழுதும் கெட்ட பழக்கம் மட்டும் வேண்டாம்.

பையன் என்பதால் கேஷுவாலிட்டி தருகிறார்கள். போகலாமா?

தூக்கவும் பிடிக்கவும் ஆள் தேடுகிறார்களா என்று பாருங்கள், பிரதர். டிரையேஜ், அதாவது வருகிறவர்களில் யாரை முதலில் பார்க்க வேண்டும் என்று பிரிப்பதை, கற்றுக்கொடுத்தால் போகலாம்.

டயாலிசிஸ்? நைட் இல்லையாம்.

முதல் வருடத்துக்கு வேண்டாம். வேலை சுத்தமாக வரும். ஆனால் ஒரே வேலைதான் வரும்.

டிரெய்னி என்று 12,000 தருவார்களாம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டும் கேட்கிறார்கள்.

2018-லேயே கேரள அரசு தனியார் மருத்துவமனை நர்ஸுக்குக் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று அறிவித்துவிட்டது. ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பொள்ளாச்சிக்காரி நான். பாலக்காட்டில் வேலை, மலையாளம் அரைகுறை. சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம் கண்ணு. தமிழ்நாட்டில் பதிந்திருந்தால் கேரள நர்சிங் கவுன்சிலிலும் பதிய வேண்டும், அதை முதலில் முடித்துவிடு. பேச்சில் நமக்குத் தெரிந்த சொல்தான் கவிழ்க்கும். ஒரு பாட்டி "பனி" என்றார். எங்களோடு இருந்த புதுப்பெண் குளிர்கிறது போல என்று ஃபேனை நிறுத்திவிட்டுப் போர்த்திவிட்டாள். பனி என்றால் அங்கே காய்ச்சல்! சர்த்தி என்றால் வாந்தி. "ஸ்வாசம் முட்டல்" என்றால் மூச்சுத்திணறல். அதைக் கேட்டால் மட்டும் அர்த்தம் யோசித்துக்கொண்டு நிற்காதே, தலைமாட்டை உயர்த்திவிட்டு சீனியரைக் கூப்பிடு.