மூன்று சக்கர ஸ்போர்ட்ஸ் காரின் ஆரம்பக் கோளாறுகளை எப்படிச் சரிசெய்தீர்கள்?

முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று என்ற அமைப்புள்ள ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்கள் அதன் கோளாறுகளை எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது, 350 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து இருவர் அமரும்படி ஒரு பட்டறையில் கட்டிய வண்டி. பதிவுச் சான்றிலுள்ள விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுப்பதால், திசையன்விளைப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்துப் பாதையைத் தாண்டி அதை வெளியே எடுப்பதில்லை.

ஆட்டோவைப் போலக் கவிழ்ந்துவிடாதா என்பதுதான் பார்க்கிறவர்களின் முதல் கேள்வி. ஆட்டோவில் ஒற்றைச் சக்கரம் முன்னால் இருப்பதால், வளைவில் பிரேக் பிடிக்கும்போது எடை தாங்கல் இல்லாத முன்மூலைக்குச் சாய்கிறது; இதில் அந்த மூலையிலேயே ஒரு சக்கரம் இருக்கிறது. இங்கிலாந்தின் மால்வெர்னில் மோர்கன் என்பவர் 1909-இல் கட்டிய முதல் வண்டியும் இதே அமைப்புதான். என் வண்டியின் தொல்லைகள், வெவ்வேறு வண்டிகளிலிருந்து எடுத்த பாகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் வந்தவை.

அவற்றில் பெரியது ஸ்டியரிங். நேர்ப்பாதையில் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் வெட்டும். வள்ளியூர் மெக்கானிக் அண்ணாச்சி, "முதல்ல ஸ்டியரிங்கைப் பாத்துக்கிடுங்க, எஞ்சின் எங்கயும் ஓடிப் போயிராது" என்று சொல்லி, முன்பக்க ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, இரு பக்கமும் ஜாக்கி வைத்துச் சக்கரங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வோர் உயரத்திலும் இரண்டு டயர்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் பின்விளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் டேப்பால் அளந்து, சாக்பீஸால் தரையிலேயே குறித்தார். சக்கரம் மேலேற மேலேற டயர்களின் முன்பக்கம் வெளியே விரிந்துகொண்டே போனது. சக்கரத்தைத் தாங்கும் கையும், ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடும் வெவ்வேறு வட்டத்தில் ஏறி இறங்குவதே காரணம். டை ராடின் நுனி பொருந்தும் இடத்தில் வாஷர் வைத்து உயரத்தை மாற்ற மாற்ற அந்த வித்தியாசம் குறைந்து, ஸ்டியரிங் வெட்டுவதும் நின்றது.

அடுத்தது, செயின் கழன்று விழுவது. கொத்தனார் நூலைப் பிடித்துப் பார்த்தபோது செயின் ஓடும் பல்சக்கரங்களான இரண்டு ஸ்பிராக்கெட்டுகளும் ஒரே கோட்டில் இல்லை. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் என்ற கையின் புஷ்ஷை மாற்றிப் பின்சக்கரத்தை நேராக்கியதும் அது தீர்ந்தது. ஆடிக் காற்றில் பறக்கும் தேரி (செம்மணல் மேடு) மணல் ஏர் ஃபில்டரை அடைக்காதிருக்க, அதன் வாயை மேலே தூக்கி வைத்ததே போதும்.

தீராதது ஒன்று உண்டு. டிராக்டர் போட்ட இரட்டைத் தடத்தில் முன்சக்கரங்கள் ஒழுங்காக இறங்கிவிடும். ஒற்றைப் பின்சக்கரமோ புல்லும் கல்லும் கிடக்கும் நடுமேட்டில் ஏறிக்கொள்ளும். இழுவை முழுவதும் அந்த ஒரு சக்கரத்தை நம்பியே இருப்பதால், ஐப்பசி மழையில் செம்மண் நனைந்ததும் அது நின்ற இடத்திலேயே சுழலும். பின்னால் மண் மூட்டை ஏற்றியும் பார்த்தோம். எடை பின்னே போனதும் வண்டி வளைவில் சாயத் தொடங்கவே, இறக்கிவிட்டோம். ரிவர்ஸ் கியரும் கிடையாது. திருப்ப இடமில்லாத வரப்போரம் வந்துவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.