சதுப்பு நிலத்தில் வீடு கட்டினால் வெள்ளம் ஏன் வருகிறது?

“சும்மா கிடக்கிற சதுப்பு நிலத்தை மேடாக்கி வீடு கட்டினால் என்ன தவறு?” என்று சென்னையில் மனை தேடும் பலரும் கேட்கிறார்கள்.

சதுப்பு நிலம் என்பது மழைநீர் வந்து தங்கி, மெதுவாக வடியும் தாழ்வான இடம். தென்சென்னையில் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையே பாருங்கள். சுற்றியுள்ள 30-க்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி வழியும் நீர் அங்கேதான் சேர்கிறது. பிறகு ஒக்கியம் மடு என்ற நீர்வழி வழியே பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. தரை ஏறக்குறைய சமமாக இருப்பதால் நீர் ஓடாது, நகரும். கடல் ஏறும் வேளையில் அந்த நகர்வும் தடைப்படும். கடல் இறங்கும்வரை அந்த நீர் எங்காவது காத்திருந்தாக வேண்டும்.

பால் காய்ச்சும்போது பாத்திரத்தின் கழுத்துவரை ஊற்றமாட்டோம், பொங்க இடம் விடுவோம். பள்ளிக்கரணை அந்த இடம். அங்கே ஒவ்வொரு லாரி மண் கொட்டும்போதும் அதே அளவு நீர் வேறொருவர் வீட்டுக்குள் போகிறது. மழைக்குப் பிறகு பக்கத்து வேளச்சேரித் தெருக்களில் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் படிந்திருக்கும் பழுப்புக் கோடு அந்த நீர் விட்டுச்சென்றதுதான். எஞ்சிய சதுப்பு 2022-இல் ராம்சார் தளமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. மிகவும் தாமதம் என்றாலும், மனதார வரவேற்கிறேன்.

‘வடிகாலைப் பெரிதாகக் கட்டிவிட்டால் போதும்’ என்பது பரவலான தவறான எண்ணம்: வடிகால் நீரை இடம் மாற்றும், தேக்கி வைக்காது.